தறி ஓட்டிய காதும் மெர்லின் செயலியும்

2023 பொங்கல். அக்கம்பக்கத்துத் தறிக்குடோன்களை எல்லாம் நிறுத்தியிருந்ததால் எங்கள் ஊரே அமைதியாகக் கிடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த மகள் வாசல் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி, "அப்பா, இந்தக் குருவி காலையிலிருந்து விடாம கத்துதே, என்ன குருவிப்பா?" என்று கேட்டாள். நான் மரத்தடியில் போய் நின்றேன். காக்கை கரைந்தது கேட்டது. யார் வீட்டு மாடோ கத்தியது கேட்டது. அவள் சொன்ன குருவி மட்டும் கேட்கவே இல்லை.

"கேக்கலையாப்பா? சிக் சிக்னு தலைக்கு மேலயே கத்துது."

"இல்ல அம்மணி."

அவள் மேலே எதுவும் பேசாமல் போனை எடுத்து மரத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் வலமிருந்து இடமாக ஒரு படம் நகர ஆரம்பித்தது. அதன் மேல் விளிம்பை ஒட்டி, ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் கீற்றுகள். ஒவ்வொன்று விழும்போதும் அவள் விரலை ஆட்டினாள். "இப்ப... இப்ப... இப்ப..." கீழே ஒரு பெயரும் பறவையின் படமும் வந்தன. பூக்கொத்தி. கட்டைவிரல் அளவே இருக்கும் குருவி. என் காதுக்கு எட்டாத அதன் குரல் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் போனில் இருந்தது மெர்லின் என்ற செயலி. அன்று மாலையே என் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று முதல் அதைப் பயன்படுத்தாத வாரம் இல்லை. குருவிக் குரல் பழக நினைக்கிறவர்களுக்கும், குறிப்பாக என்னைப் போலத் தறியிலும் மில்லிலும் காலம் கழித்தவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாகச் செயலியைப் பற்றி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இதை நடத்துகிறது. 2014இல் வெளிவந்தது. அப்போது இடம், தேதி, அளவு, நிறம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேள்வி கேட்டுப் பெயர் சொல்லும் செயலியாக இருந்தது. குரலைக் கேட்டுச் சொல்லும் வசதி 2021இல் வந்து சேர்ந்தது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. இந்தியாவுக்கான தொகுப்பை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். தொகுப்பு பெரியது, வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். எந்த ஊர், எந்த மாதம் என்று தெரிந்தால்தான் அங்கே இருக்க வாய்ப்புள்ள பறவைகளை வைத்து அது யோசிக்கும். உலகம் முழுக்க ஆட்கள் தாங்கள் கண்ட பறவைகளை ஈபேர்ட் என்ற இணையதளத்தில் எழுதிவைத்த பட்டியல்கள்தான் அதற்கு ஆதாரம். திரையில் பெயர்களை நான் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பெயர்களை நோட்டில் நானே எழுதிக்கொள்கிறேன்.

சரி, காது விஷயத்துக்கு வருகிறேன்.

சோமனூர்ப் பக்கம் 26 வருடம் விசைத்தறி ஓட்டினேன். எட்டுத் தறிக்கு நடுவில் நின்று காடாத்துணி நெய்தவன். தறிக்குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அந்தச் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்றால் உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் செத்துப்போகும். செத்தது மறுபடி முளைக்காது. இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கீச்சுச் சத்தங்கள். ஆட்கள் பேசும் பேச்சில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கிறது. அதனால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்டுக்கொண்டே இருக்கும், காது நன்றாக இருக்கிறது என்று நாமும் நம்பிக்கொண்டே இருப்போம். கோயமுத்தூரில் காதுப் பரிசோதனை செய்தபோது படத்தை எடுத்துக் காட்டினார்கள். கோடு நேராக வந்து, 4000இல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. "தறி வேலைங்களா?" என்று படத்தைப் பார்த்தே கேட்டார் அந்த அம்மா.

நிறையக் குருவிகளின் குரல் அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கிறது. தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி, பூக்கொத்தி எல்லாம் அங்கேதான். சின்ன வயதில் இவை எல்லாம் எனக்குக் கேட்டிருக்கும். எந்த வருடத்தில் எது நின்றது என்று தெரியாது. அது என்னை ரொம்ப நாள் வருத்தியது.

காது மெஷின் வாங்கிப் பார்த்தேன். விற்ற கடைக்காரர் எல்லாச் சத்தமும் கேட்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டில் பாத்திரம் உருட்டுவது மண்டையில் இடித்தது, குருவி மட்டும் வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், "பேச்சு கேக்குதுங்கல்ல, அதுக்குத்தானுங்க இது" என்றார். பேச்சுக்கு அது பயன்படுகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் கேட்டுப்போனது வேறு.

மெர்லின் செய்தது வேறு வகை உதவி. குரலை அடையாளம் காண அது எடுக்கும் வழியே படம்தான். வருகிற சத்தத்தை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாக மாற்றிக்கொள்கிறது. அந்தப் படத்தின் வடிவத்தை, பழக்கிவைத்த ஆயிரக்கணக்கான பதிவுகளின் படங்களோடு ஒத்துப்பார்த்துப் பெயர் சொல்கிறது. அதே படம் நம் திரையிலும் ஓடுகிறது. பக்கவாட்டில் நேரம், கீழே தடித்த குரல், மேலே கீச்சுக் குரல், கறுப்பு அடர்ந்த இடம் சத்தம் ஓங்கிய இடம். இதை என் மகளுக்கு யாரோ முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் டிசைனைப் பார்த்தால் துணியில் என்ன விழும் என்று நெசவுக்காரனுக்குத் தெரியும். பாவும் ஊடையும் மாதிரிதான் இதுவும்.

செம்மார்புக் குக்குறுவானை முதலில் பழகினேன். அரசமரம், ஆலமரம் இருக்கும் இடத்தில் டொக், டொக், டொக் என்று பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டிருப்பீர்கள், அதுதான். தடித்த குரல் என்பதால் என் காதுக்கும் எட்டும். படத்தில் கீழ்ப்பகுதியில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழுந்துகொண்டே போகும். எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு நூறைத் தாண்டியது. நாங்கள் ஓட்டிய சாதாரணத் தறியும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் அடிக்கும். அந்தக் குருவிக்கு அருகில் நின்றால் என் கால் தானாகத் தாளம் போடுவதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

குயிலின் கூவல் ஒவ்வொன்றும் கீழிருந்து மேலே வளைந்து ஏறும், அரிவாளைக் கவிழ்த்து வைத்ததுபோல. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே. செம்பூத்து கத்தினால் அடிக்கோட்டை ஒட்டித் தடித்த பட்டைகள். காக்கையின் குரல் கீழிருந்து மேல்வரை பரவிய கறை. மாம்பழச்சிட்டு நீளமாக ஒரு மெல்லிய கோடு இழுத்து, கடைசியில் சடக்கென்று கீழே விழும். தையல்சிட்டுக்கு ஒரே அச்சில் வார்த்த கீற்றுகள், எண்ணி முடியாத அளவுக்கு. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு சத்தமா என்று அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

இன்னொரு சின்ன வசதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பறவையின் பெயர் பட்டியலில் வந்த பிறகு, அது மறுபடி கத்தும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும். காது கேட்கிறவர்களுக்கு இது அலங்காரம். எனக்கு அது, "இப்போது கத்துகிறது, இப்போது நிறுத்தியது, மறுபடி ஆரம்பித்தது" என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி.

ஆனால் முதல் நாலு மாதம் இதைத் தப்பாகப் பயன்படுத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது. காலையில் சாமளாபுரம் குளத்துக்கரையில் போய் நிற்பேன், பொத்தானை அமுக்குவேன், பெயர்கள் வரிசையாக வரும், சந்தோஷமாக எழுதிக்கொள்வேன். ஒரு காலையில் 30 பெயர் வந்த நாள்கூட உண்டு. வைகாசியில் ஒரு நாள் சூலூர்க் குளத்தில் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. கரையில் நாலைந்து குரல் கேட்டுக்கொண்டிருந்தது. காக்கை, மைனா, ஆக்காட்டி தவிர எதற்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை. நாலு மாதமாக நோட்டில் எழுதிய அத்தனையும் அந்தப் போனோடு அணைந்துபோனது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தறிக்குடோனில் நான் எப்படிக் கேட்டேன்? எட்டுத் தறி ஒரே நேரத்தில் அடிக்கும்போது, மூன்றாவது தறியில் நாடா அடிக்கிற கட்டை கொஞ்சம் தளர்ந்தால் முதுகைத் திருப்பி நின்றிருந்தாலும் எனக்குத் தெரியும். யாரும் பக்கத்தில் இருந்து, "அது மூன்றாவது தறி" என்று சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு தறியாகப் போய் நின்று, முதலில் நானே நினைத்து, அப்புறம் பெல்ட்டையும் கட்டையையும் தொட்டுப் பார்த்துச் சரியா தப்பா என்று தெரிந்துகொண்டேன். தப்பாக நினைத்ததுதான் அதிகம். அந்தத் தப்புகள்தான் பழக்கின.

அதையே இங்கும் செய்தேன். இப்போது என் வழி இதுதான். போனைச் சட்டைப்பையில் போட்டுப் பதிவை மட்டும் ஓடவிடுவேன், திரையைப் பார்க்க மாட்டேன். பத்து நிமிடம் கேட்பேன். நோட்டில் எது எந்தப் பக்கத்திலிருந்து, என்ன மாதிரி, எதுவாக இருக்கும் என்று எழுதுவேன். பெயர் தெரியாவிட்டால் எனக்குத் தோன்றுகிற மாதிரி, "கதவு கிறீச்", "தண்ணி மோட்டார் விக்கல்" என்று எழுதுவேன். அதற்கு அப்புறம்தான் திரை. நான் எழுதியதும் அது சொன்னதும் வேறாக இருந்தால், பெயரைத் தொட்டு உள்ளே இருக்கிற மாதிரிப் பதிவுகளைக் கேட்டுப் படத்தோடு ஒத்துப்பார்ப்பேன். முடிந்தால் மரத்தில் தேடிக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் கோடு போடுவேன். இதில் வேகம் கிடையாது. மாதத்துக்கு மூன்று குருவி, நாலு குருவி பழகும். பழகியது போகாது.

மாதிரிப் பதிவுகள் என்றேன். ஒரே பறவைக்கு ஒரு குரல்தான் என்று நினைக்காதீர்கள். பாட்டு வேறு, எச்சரிக்கைக் குரல் வேறு, குஞ்சு இரை கேட்பது வேறு. ஆண் குயில் கூவும், பெண் குயில் கிக்-கிக்-கிக் என்று கத்திக்கொண்டு ஓடும். கேட்டால் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். செயலியில் இருப்பது போதவில்லை என்றால் சீனோ-காண்டோ என்ற இணையதளம் 2005இலிருந்து இருக்கிறது. உலகமெங்கும் பலர் பதிந்த குரல்கள் அதில் இருக்கின்றன, அதுவும் இலவசம்தான். நம் பக்கத்துப் பதிவுகளாகத் தேடிக் கேளுங்கள். தூரதேசத்துப் பதிவில் உச்சரிப்பு மாறும்.

என் அப்பாரு கவுதாரி பிடிப்பார். விடியலுக்கு முன்னால் காட்டில் உட்கார்ந்து கவுதாரி மாதிரியே கத்துவார், அது பதில் கொடுக்கும். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தது அது. இப்போது அதெல்லாம் சட்டப்படி குற்றம், நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர் காது எவ்வளவு நுட்பமாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது. ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். செயலி சொல்லாத சில விஷயங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

என் அத்தை, அதாவது மாமியார், ஆனைமலைப் பக்கம் தோப்பில் இருக்கிறார்கள். 78 வயது, காது கணீர் என்று கேட்கும். போன ஐப்பசியில் அங்கே போயிருந்தபோது சாயங்காலம் பாக்குத் தோப்புக்குள்ளிருந்து இரண்டு எழுத்தில் ஒரு விசில். எனக்கும் கேட்டது. நான் போனை எடுப்பதற்குள், "ஆறுமணிக்குருவி வந்துருச்சுங் மாப்ள. இனி பனிக்காலம் முடியறவரைக்கும் இருக்கும். ரெண்டு நேரம் மணி பாக்க வேண்டியதில்ல" என்றார்கள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. செயலியும் அதையே சொன்னது. அது வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. அதிகாலையும் அந்தியும் கத்துவதால் நம் ஆட்கள் வைத்த பெயர் ஆறுமணிக்குருவி. இரவில் பறந்து வரும்போது களைத்து வீட்டுக்குள் விழுந்துவிடுவதும் உண்டு. அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு தடவை அப்படிக் கிடந்ததாம். கூடையைக் கவிழ்த்துப் பத்திரமாக வைத்து, இருட்டியதும் விட்டிருக்கிறார்கள். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் சேர்ந்த அந்தப் பறவையை நான் இன்னும் முழுதாகக் கண்ணால் பார்க்கவில்லை. தரையில் சருகுக்குள் இருக்கும். குரல் தெரிந்திருந்ததால்தான் அது அங்கே இருப்பதே தெரிந்தது.

அக்காக்குயிலையும் அங்கேதான் பழகினேன். கோடையில் ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி ஏறி, தாங்க முடியாத உயரத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும். திரையில் பார்த்தால் அப்படியே மாடிப்படி.

இன்னொரு பாடம் டாப்சிலிப்பில். மகளும் நானும் போயிருந்தோம். ஒரு பெரிய தேக்கு மரத்திலிருந்து பாம்புண்ணிக் கழுகின் குரல். வானத்தைப் பார்த்தேன், எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே கிளையிலிருந்து குக்குறுவான் குரல், அப்புறம் சிலம்பன் கூட்டத்தின் கூச்சல். செயலி ஒவ்வொன்றாகப் பெயர் காட்டியது. அந்தந்தக் குரலுக்கு அந்தந்தப் பெயர் சரிதான். ஆனால் கிளையில் உட்கார்ந்திருந்தது துடுப்புவால் கரிச்சான் ஒன்று மட்டும், வாலில் இரண்டு துடுப்பு தொங்க. மற்றப் பறவைகளின் குரலை அச்சு அசலாகப் பேசுவதில் பேர் போனது அது. அன்று அரை மணி நேரம் அந்த மரத்தடியைவிட்டு நாங்கள் நகரவில்லை. மகள் கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். குரல் ஒரு சாட்சி மட்டும்தான், கண்ணும் ஒத்துக்கொண்டால்தான் வழக்கு முடியும் என்று அன்றைக்கு நோட்டில் எழுதினேன். கார்னெல்காரர்களே இதைத்தான் சொல்கிறார்கள்: செயலி சொன்னது என்பதற்காக மட்டும் ஈபேர்ட் பட்டியலில் ஏற்றாதீர்கள், நீங்களே உறுதி செய்த பிறகு ஏற்றுங்கள் என்று. அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் எந்தப் பறவை குறைகிறது, எது கூடுகிறது என்று ஆராய்கிறார்கள். தப்பான பெயர் அங்கே போனால் அது எல்லாரையும் பாதிக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய சிரமம் ஒன்று காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று. போன் மைக்கில் அது விழுந்தால் திரையின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பாகிவிடும். செம்பூத்தும் புறாவும் அதில் மூழ்கிப்போகும். இதற்காக இணையத்தில் விற்ற ஒரு வெளி மைக்கை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பஞ்சு உறையோடு வந்தது, காற்று அப்படியே இரைந்தது, இரண்டாவது மாதம் ஒயரும் போய்விட்டது. திருப்பி அனுப்பக் கேட்டால் நாள் கடந்துவிட்டது என்றார்கள். அந்தக் காசை வீணாக்காதீர்கள். மரத்தின் மறைவில் நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டி, போனின் மைக் இருக்கும் முனையைக் குருவிப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். விரல் மைக் மேல் இருக்கக் கூடாது. உறை மைக்கை மூடியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு கெடும். ஆடி மாதத்தில் விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், அதுதான் நேரம். பதிவுகள் இடம் பிடிக்கும், வாரம் ஒருமுறை தேவையில்லாததை அழித்துவிடுங்கள்.

குளத்துப் பறவைகளுக்கு இது அவ்வளவாக உதவாது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பனிக்காலத்தில் அங்கே வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். அவை தூரத்தில் மௌனமாக மிதக்கும். அங்கே பைனாகுலர்தான் வேண்டும், போனை உள்ளே வைத்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். செயலியில் இருக்கும் குரலைச் சத்தமாகப் போட்டுப் பறவையைக் கிட்டே வரவழைக்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தன் இடத்துக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டையும் குஞ்சையும் விட்டு ஓடிவரும். கூடு கட்டும் காலத்தில் அது பெரிய பாவம். கேட்க வேண்டுமானால் வீட்டில் கேளுங்கள், அல்லது காதில் ஒயரை மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது பூக்கொத்திக்குத் திரும்புகிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு வருடம் அந்தக் குருவியின் புள்ளிகளைத் திரையில் மட்டும் பார்த்தேன். போன தீபாவளிக்கு வந்த மகள், "அப்பா, உங்க ரெக்கார்டிங் ஒண்ணு குடுங்க" என்று கேட்டாள். மெர்லின் பதிவை வெளியே எடுத்து அனுப்பலாம். அதை மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் போட்டாள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். வேகம் பாதியானால் குரலும் பாதி கீழே இறங்கும். 6000 ஹெர்ட்ஸில் இருந்தது 3000க்கு வரும். அந்த இடத்தில் என் காது இன்னும் கேட்கும். பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள்.

ட்சிக். ட்சிக். ட்சிக்.

மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். நாலாவது தடவை கேட்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் நின்றேன். பெயர் மஞ்சளாக ஒளிர ஆரம்பித்ததும் போனை மெதுவாக இடமும் வலமுமாகத் திருப்பினேன். எந்தப் பக்கம் திரும்பும்போது புள்ளிகள் கறுத்தனவோ அந்தப் பக்கத்துக் கிளையைப் பார்த்தேன். வேம்பின் மேல் புல்லுருவி ஒன்று பிடித்திருக்கிறது. தோட்டத்தில் எல்லாரும் வெட்டி எறிகிற ஒட்டுச்செடி. அதன் பழம்தான் இந்தக் குருவிக்குச் சாப்பாடு. பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிடும், அங்கே புது உருவி முளைக்கும். அந்தக் கொத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று அசைந்தது. எட்டு சென்டிமீட்டர் இருக்கும். வாய் திறந்தது தெரிந்தது, கையிலிருந்த திரையில் புள்ளி விழுந்தது. முந்தின நாள் கேட்ட ட்சிக் சத்தம் தலைக்குள் தானாக ஓடியது. அந்தப் புல்லுருவியை இனி வெட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

என்னோடு குடோனில் வேலை செய்த இரண்டு பேருக்கு இதைக் காட்டினேன். அவர்களில் ஒருவர் இன்னும் தறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்துக்கு வருகிறார். முதல் நாளே அவர் கேட்டது, "ஏனுங்க, இதுல தறிச் சத்தம் எப்படித் தெரியும்?" என்றுதான். குடோன் வாசலில் நின்று போட்டுப் பார்த்தோம். திரை அடியிலிருந்து உச்சிவரை கறுப்பாக நின்றது, ஒரு இடுக்குகூட இல்லை. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் காதடைப்பான் ஒரு டஜன் வாங்கி வந்து, குடோனில் இருக்கிற இளம் பையன்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு ஜோடி சில ரூபாய்தான்.